சரிவுக்கு அப்பால் இரண்டு கற்கள்

அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மலை சரிந்து கிடந்த இடத்துக்கு அப்பால், தன் மகளை அடக்கம் செய்த கபர் இன்னும் இருக்கிறதா, இல்லை பாறைக்கடியில் போய்விட்டதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். அது எங்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே ஒரு குளிர்காலம் முழுக்க அவருக்கும் அந்தக் கபருக்கும் நடுவில் நின்று கல் உடைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. துபாயில் நிமிர்ந்து பார்த்த பக்கமெல்லாம் கிரேன். ஊரிலிருந்து வந்த எவனைக் கேட்டாலும் நாற்பதாவது மாடி, ஐம்பதாவது மாடி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். எங்கள் கம்பெனி அந்த ரகம் இல்லை. சாலையோரத்தில் கல் பதிப்பது, தடுப்புச்சுவர் எழுப்புவது என்று தரையை விட்டு எழும்பாத வேலைகளையே எடுக்கும். அல் குசைஸில் கேம்ப். நான் அதில் ஃபோர்மேன். மேலே இருப்பவர்கள் என்னை இங்கிலீஷிலும் இந்தியிலும் திட்டுவார்கள், அதை நான் தமிழில் கீழே இறக்கிவிட வேண்டும். இதற்கு வாய் வேண்டும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருடம் மழை பலமாகப் பெய்தது. வடக்கே மலைப்பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் அப்படிப்பட்ட மலை இடுக்கை அங்கே வாதி என்பார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. ஒரு பக்கப் பாறையை ஒட்டி, ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு பாதை மேலே ஏறும். வெள்ளிக்கிழமை லீவில் வெள்ளைக்காரர்கள் முதுகில் பையும் கையில் கோலுமாகக் குடும்பத்தோடு அதில் ஏறுவார்கள். மேலே கோயில் கிடையாது, டீக்கடை கிடையாது, பார்க்க ஒரு சொந்தக்காரன் வீடும் கிடையாது. ஏறுவார்கள், கொஞ்ச நேரம் உட்காருவார்கள், இறங்கிவிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு இது கடைசிவரை விளங்கவே இல்லை. அந்த மழையில் பாறையின் மேல்பகுதி பெயர்ந்து பாதையின் மேல் விழுந்துவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது பாதை இருந்த இடத்தில் கற்குவியல்தான் இருந்தது. ஓர் அறை அளவுக்குப் பெரிய கல்லும் உண்டு, பூசணிக்காய் அளவுக் கல்லும் உண்டு. அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்று தொற்றிக்கொண்டு, கை வைத்தால் சரிவேன் என்று நின்றன.

அந்தப் பாதையைத் திறந்துவிடும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. மிஷின் போக வழியில்லை. கடப்பாரை, சம்மட்டி, உளி, கயிறு, இவ்வளவுதான். அதனால் கேம்பில் ஊரில் கிணறு வெட்டியவர்கள், குவாரியில் கல் உடைத்தவர்கள் என்று தேடிப்பிடித்து ஒரு கேங் சேர்த்தேன். வளைகுடா வழக்கப்படி யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். அதில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் துறையூர்க்காரர். குவாரியில் வளர்ந்தவர், கல்லைத் தட்டிப் பார்த்தே அது எந்தப் பக்கம் பிளக்கும் என்பார். அதிகம் பேசமாட்டார். இன்னொருவர் மணப்பாறைக்காரர். எங்களுக்குச் சமையலும் அவர்தான். பேச்சை நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவார். சாமி விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் தீவிரம். நாங்கள் தங்கிய போர்ட்டா கேபினில் அவருடைய கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த சாமி படங்களை எண்ணத் தொடங்கினால் தூக்கம் வந்துவிடும்.

அந்தக் கற்சரிவுக்குக் கீழ்ப்பக்கம்தான் வாதியின் வாசல். அங்கே எங்கள் கேபின். அதற்கும் கொஞ்சம் கீழே அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில் மலைக்காரர்கள் சிலர் இருந்தார்கள். முன்பு மேலேயே குடியிருந்தவர்கள், ரோடு வந்ததும் இறங்கிவந்துவிட்டவர்கள். அந்த வீடுகளில் ஒன்றிலிருந்துதான் அந்த மனிதர் வருவார். ஐம்பது வயது இருக்கலாம். ஒரு கால் லேசாக இழுக்கும். கையில் கைத்தடி. அந்த மலை ஜனங்கள் வைத்திருக்கும் தடியின் தலையில் சின்னதாக ஒரு கோடரி இருக்கும். மத்தியானம் தாண்டியதும் வந்து, சரிவுக்கு முன்னால் எங்கள் கயிறு தொடங்குகிற இடத்தில் நிற்பார். சரிவைப் பார்ப்பார். எங்களைப் பார்க்கமாட்டார். சூரியன் பாறைக்குப் பின்னால் போனதும் திரும்பிப் போய்விடுவார்.

எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். வேலை செய்கிற இடத்தில் சும்மா நிற்கிறவர்களை எனக்கு எப்போதுமே ஆகாது. அதிலும் இவர் அந்த நாட்டுக்காரர். எங்கள்மேல் ஏதாவது புகார் சொல்லத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். “முதீர் மாதிரி வந்து நிக்கிறாரு பாரு” என்று மணப்பாறைக்காரரிடம் முணுமுணுப்பேன். முதீர் என்றால் அங்கே மேனேஜர். ஒரு தடவை அவர் எங்கள் இன்ஜினியரிடம் போய் ஏதோ சொன்னார். இன்ஜினியர் மலையாளி, அரபி அவருக்கு வராது. தலையை ஆட்டி, “ஆபீஸில் சொல்கிறேன்” என்று இங்கிலீஷில் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் அரபி தெரியும். சைட்டுக்கு வேண்டிய அளவு. நான் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே அது வழக்கமில்லை. நாட்டுக்காரர் கேட்டால் நாம் பதில் சொல்லலாம், நாமாகப் போய் அவரிடம் என்ன ஏது என்று கேட்பதில்லை. அவரும் கூலி ஆட்களிடம் வந்து மனதைத் திறக்கிறவர் இல்லை. இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் இருந்தோம். அந்த மரியாதையில் வாரங்கள் போயின.

சரிவைக் கடந்து அந்தப் பக்கம் போக எங்கள் ஆட்களால்தான் முடியும், அதுவும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு. ஏனென்றால் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் கல்லை விடுவித்தால்தான் குவியல் அடங்கும். அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் கொஞ்சம் சமதளம் உண்டு. ஒரு மாட்டுவண்டியைத் திருப்புகிற அளவு. அதன் பாதிவரை சரளை வந்து மூடியிருந்தது. மூடாத ஓரத்தில் இரண்டு கற்கள் நட்டுவைத்தது போல நின்றன. ஒன்று முழங்கால் உயரம், இன்னொன்று அதைவிடக் குட்டை. எழுத்தில்லை, செதுக்கல் இல்லை. கீழே நின்றவர் கண்ணுக்கு அந்தச் சமதளம் தெரியாது, பெரிய பாறை மறைத்துவிடும்.

எங்கள் ஊர்ப்பக்கம் இஸ்லாமியர் கபர் நாங்கள் பார்க்காததில்லை. பள்ளிவாசலை ஒட்டி, சுண்ணாம்பு அடித்து, பெயர் எழுதி வரிசையாக இருக்கும். வெட்டவெளியில் தனியாக நிற்கும் மொட்டைக்கல்லுக்கு எங்கள் ஊரில் அர்த்தமே வேறு. அது சாமி. காட்டோரத்தில், ஏரிக்கரையில், வயல் மூலையில் இப்படி ஒரு கல் நின்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி தள்ளித்தான் போவோம். என்ன சாமி, யார் நட்டது என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. ஆனாலும் முதல் சில நாட்கள் அந்தக் கற்களை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நீளமான நல்ல கல், சுவருக்கு அடியில் போட ஆகும் என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அது நடந்தது. துறையூர்க்காரர் அந்தச் சமதளத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கல்லில் உளி வைத்துக்கொண்டிருந்தார். மேலே யாரும் கை வைக்கவில்லை. தானாகவே ஒரு கல் கழன்றது. அம்மிக்கல் அளவு இருக்கும். “கல்லு, கல்லு” என்று கத்தினோம். அவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான், எழுந்திருக்கக்கூட நேரமில்லை. கல் ஒரு குதி குதித்து நேரே அவர் முதுகுக்கு வந்தது. வந்த வழியில் அந்த முழங்கால் உயரக் கல்லின் மேல் மோதி, திசை மாறி, அவர் தோளை உரசாமல் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. விழுந்து உடைகிற சத்தம் கேட்டு முடிகிறவரை ஒருவரும் அசையவில்லை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, துறையூர்க்காரர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மோதிய வேகத்தில் சாய்ந்திருந்த அந்தக் கல்லை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். அதன் தலையில் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்து வெள்ளையாக இருந்தது.

அடுத்த நாள் நான் அங்கே போனபோது கல் இரண்டும் மஞ்சளாக நின்றன. நடுவில் குங்குமப் பொட்டு. முன்னால் ஓர் எலுமிச்சம்பழம், சூடம் எரிந்த கரி. மணப்பாறைக்காரரைத் தேடிப் போய்ப் பிடித்தேன்.

“நேத்து சாம்பாரு வெள்ளையா இருந்தப்பவே நெனச்சேன்யா. மஞ்சப்பொடி எங்க போச்சுன்னு இப்பத்தானே தெரியுது.”

“திட்டாதீங்கண்ணே. காவக்கார சாமிண்ணே அது. உசுரக் காப்பாத்திக் குடுத்திருக்கு. ஒரு சூடம்கூட ஏத்தலன்னா நாம மனுசனா?”

“காவல்கார சாமி அரபு நாட்ல என்னய்யா பண்ணுது? விசா யாரு எடுத்துக் குடுத்தது?”

ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் என் பக்கம் வரவில்லை. அது முனியா கருப்பா என்பதில் மட்டும்தான் அவர்களுக்குள் தகராறு. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. ரூமுக்குள் படம் மாட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. வெட்டவெளியில், மலைமேல் இப்படிச் செய்ததை யாராவது பார்த்தால் கேங் மொத்தமும் விசா கேன்சலாகி ஊருக்குப் போக வேண்டியதுதான், அதுவும் நேரே அல்ல, ஜெயில் வழியாக. அழித்துவிடச் சொன்னேன். சரி என்றார்கள். அழிக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் பிறகு வந்தது. இன்ஜினியர் புதுப் பாதைக்குக் கோடு போட்டுக் கொடுத்தார். சிவப்பு ஸ்ப்ரே பெயின்டில் பாறைக்குப் பாறை அடையாளம். கோடு அந்தச் சமதளத்தின் நடுவே, சரியாக அந்தக் கற்களின் மேல் போனது. அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே மட்டமான இடம் அது ஒன்றுதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். நான் துறையூர்க்காரரிடம் இரண்டு கல்லையும் பெயர்க்கச் சொன்னேன். அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

“நான் கை வெக்க மாட்டேண்ணே.”

“வேற யாரையாச்சும் வெக்கச் சொல்றேன்.”

“சொல்லுங்க. எவன் வெக்கிறான்னு பாக்குறேன்.”

அவ்வளவு பேச்சு அவரிடமிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேறு யாரும் வைக்கவும் இல்லை. நான் கத்தினேன். கேம்புக்கு அனுப்பிவிடுவேன் என்றேன். ஊர்ப் பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள், கையை மட்டும் கொடுக்கவில்லை. நானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லின் அடியில் முனையை ஊன்றினேன். எனக்குச் சாமி நம்பிக்கை அப்படியொன்றும் கிடையாது. ஆனால் அந்தச் சில்லு பெயர்ந்த இடத்தைப் பார்த்ததும் கை அமுக்கவில்லை. அந்த இடத்தில் துறையூர்க்காரர் முதுகெலும்பு இருந்திருக்க வேண்டும். கடப்பாரையை எடுத்துவிட்டேன்.

இன்ஜினியரிடம் போய், அங்கே அடிமண் பொதபொதவென்று இருக்கிறது, பாதையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளிக்கொள்வோம் என்றேன். பொய்தான். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே வந்து பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். சூடக் கரியைப் பார்த்தார். குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார். அவரும் கோயில் இருக்கிற ஊர்க்காரர்தானே.

“அடிமண் சரியில்லை, அல்லே?” என்றார்.

“ஆமா சார்.”

“வெளியே போனால் அடியிலிருந்து சுவர் கெட்டணும். ஆளுகள் கெட்டுமா?”

“கட்டுவாங்க சார்.”

“செரி. பக்ஷே இது முழுவனும் கழுவணும், கேட்டோ. முனிசிபாலிட்டி ஆள் வந்து கண்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.”

சுவரைக் கட்டினார்கள். சிமென்ட் இல்லை. ஊரில் கிணற்றுக்குக் கட்டுகிறபடி கல்லோடு கல் பல் பிடிக்க அடுக்கி, இடுக்கில் சில்லு அடித்து, பள்ளத்திலிருந்து பாதை மட்டம் வரைக்கும் எழுப்பினார்கள். அந்தக் கேங் அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அப்படி ஒரு வேலை செய்து கொடுத்ததில்லை. யாரையும் நான் விரட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவர்கள் சாமிக்காக. கீழே அந்த மனிதர் தினமும் வந்து நின்றுகொண்டுதான் இருந்தார். சுவர் உயர உயர இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் கண்ணில் இப்போது அவர் சுவரை வேடிக்கை பார்க்கிறவர்.

சரிவின் குறுக்கே பாதை ஒன்றுசேர்ந்த அன்று, ஓரக்கல் வைப்பதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். இன்னும் யாரும் நடக்கக் கூடாது என்று கையைக் காட்டினேன். அவர் என் கையை ஒதுக்கினார். கோபமாக இல்லை, வழியில் இருக்கிற செடியை ஒதுக்குகிறது போல. இழுக்கிற காலைப் பக்குவமாக வைத்து, ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் வைத்த கற்களின் மேல் நடந்தார். அப்போதுதான் எனக்கு மஞ்சள் ஞாபகம் வந்தது. கழுவவில்லை. இன்று நாளை என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவர் பெரிய பாறையைச் சுற்றிப் போய்விட்டார்.

கற்களைக் கண்டதும் அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அடுத்த நொடி மஞ்சளும் குங்குமமும் கண்ணில் பட்டன. எலுமிச்சம்பழம் பட்டது.

“ஷு ஹாதா?” என்றார். இது என்ன என்று அர்த்தம். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

தடியால் எலுமிச்சம்பழத்தைத் தள்ளினார், அது உருண்டு பள்ளத்தில் விழுந்தது. எங்கள் ஆட்கள் அவரவர் இடத்தில் நின்றுவிட்டார்கள். மணப்பாறைக்காரர் உதடு மட்டும் அசைந்தது. நான் என் அரைகுறை அரபியில், கோபப்படாதீர்கள், எங்களுக்குத் தெரியாது, எங்கள் ஊரில் இப்படிக் கல் இருந்தால் அது தெய்வம், என்று உளறினேன். அவர் என்னைப் பார்த்தார். இத்தனை வாரத்தில் அதுதான் முதல் தடவை.

“பின்த்தி” என்றார். கையைக் குட்டைக் கல்லின் மேல் வைத்தார். “ஹாதி பின்த்தி.”

அந்த வார்த்தை வளைகுடாவில் இருக்கிற எவனுக்கும் தெரியும். என் மகள். நான் திரும்பிப் பார்த்து, “பொண்ணாம்யா. அவரு பொண்ண அடக்கம் பண்ண எடமாம்” என்றேன். மணப்பாறைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதரும் உட்கார்ந்தார். கால் நீட்டி, மெதுவாக. பிறகு பேசினார். எங்களோடு பேசுவதற்கென்று அங்கே ஓர் உடைந்த அரபி உண்டு, அதில் பேசினார், கையாலும் காட்டினார். அவர்கள் மேலே குடியிருந்த காலம். கீழே ரோடு இல்லை, வண்டி இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல். தூக்கிக்கொண்டு இந்தப் பாதையில் இறங்கினார். இந்த இடம் வந்தபோது தோளில் பாரம் மாறியது. அதை அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். இறக்கிப் பார்த்தார். அதன் பிறகு கீழே கொண்டுபோய் என்ன செய்வது, மேலே கொண்டுபோய் அவள் தாயிடம் எப்படிக் காட்டுவது. இங்கேயே அடக்கம் செய்து, தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல் நட்டுவிட்டார். மழைக்குப் பிறகு மலை விழுந்த சத்தம் அவர் வீடு வரை கேட்டதாம். அன்றிலிருந்து அவள்மேல் எவ்வளவு கல் கிடக்கிறது என்பது ஒன்றுதான் அவர் நினைப்பாக இருந்திருக்கிறது.

இவரைத்தான் முதீர் என்று கிண்டல் செய்தேன். அதை விடுங்கள். சிவப்புக் கோட்டின்படி நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் அந்த இரண்டு கல்லும் பாதைக்கு அடியில் போயிருக்கும், அதன் மேல் ஊரார் ஷூ காலோடு நடந்திருப்பார்கள், அவர் வந்து தேடுவதற்கு ஓர் அடையாளமும் மிஞ்சியிருக்காது. நல்ல வேலைக்காரர்களாக இருந்து அதைத்தான் செய்யவிருந்தோம்.

கல்லின் தலையில் சில்லு பெயர்ந்திருந்த இடத்தைத் தடவிவிட்டு, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். மேலே பாறையைக் காட்டினேன், கல் வந்த வழியைக் காட்டினேன், துறையூர்க்காரரைக் காட்டினேன். அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். துறையூர்க்காரர் பயந்துகொண்டே வந்து குனிந்து நின்றார். அந்த மனிதர் அவர் முதுகில், கல் பட்டிருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

“உனக்குப் பிள்ளைகள்?” என்று கேட்டார்.

நான் சொல்லிக் கொடுக்குமுன் துறையூர்க்காரர் இரண்டு விரலைக் காட்டி, “பின்த்” என்றார். இரண்டும் பெண்.

“ஜேன்” என்றார் அவர். நல்லது என்று பொருள்.

மஞ்சளை அவர் விட்டுவைக்கவில்லை. விட்டுவைக்க முடியாது, அது அவர்கள் வழக்கத்துக்கு ஆகாது. மணப்பாறைக்காரர்தான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து முழந்தாளிட்டுத் தன் துண்டை நனைத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அழுதார். குங்குமம் போய்விட்டது. மஞ்சள் கல்லின் சொரசொரப்பில் ஏறியிருந்தது, முழுதாகப் போகவில்லை. அவர் விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்ததால் கைத்தோல் உரிந்தது. அந்த மனிதர் அவர் மணிக்கட்டைப் பிடித்து, “கலாஸ்” என்றார். போதும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போலீஸ் ஜீப் வருமென்று எதிர்பார்த்தோம். வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மட்டும் வந்தார். கபரைச் சுற்றிக் கிடந்த சரளையைத் தன் கையால் அள்ளி ஒதுக்கினார், அடியில் பழைய கல்வட்டம் இருந்தது, அதைச் சரிசெய்தார். கைகொடுக்கப் போன துறையூர்க்காரரை வேண்டாமென்று தடுத்துவிட்டார். அது நியாயம்தான். நாங்கள் எங்கள் ஓரக்கல்லை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, சத்தமில்லாமல் வேலை பார்த்தோம். மணப்பாறைக்காரர்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

வேலையை ஏறக்கட்டிய நாளில் ஆட்கள் தளவாடங்களைத் தோளில் வைத்துக்கொண்டு புதுப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அவர் கபரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு தடுமாற்றம். கும்பிடக் கூடாது. அந்நியமாகத் தாண்டிப்போகவும் மனசில்லை. சிலர் நடையைக் குறைத்தார்கள், சிலர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். கடைசியாகக் கயிற்றுச் சுருளோடு துறையூர்க்காரர் வந்தார். நின்றார். இரண்டு கையும் தன்னால் மேலே வந்தன, பாதியில் இறங்கிவிட்டன. பிறகு, வேலைக்குக் கிளம்புகிறவன் வாசலில் நிற்கிற குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னார்.

“போயிட்டு வர்றேம்மா.”

சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அவன் என்ன சொன்னான் என்று அந்த மனிதர் என்னிடம் கேட்டார். கல், தண்ணீர், சீக்கிரம், முடிந்தது, இதற்கெல்லாம் என்னிடம் அரபி இருந்தது. எங்களில் புறப்படுகிறவன் போகிறேன் என்று சொல்லமாட்டான் என்பதை விளக்க என் அரபி போதவில்லை. திரும்பி வருவதாக உங்கள் மகளிடம் சொன்னான் என்றேன். எங்கள் அடுத்த சைட் எங்கோ ஒரு ரோட்டோரம், இந்த மலைக்கு இனி நாங்கள் வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

துறையூர்க்காரர் வளைவில் திரும்பி மறைகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“அவனிடம் சொல். அவள் இங்கேதான் இருப்பாள்.”